ஒத்திகைப் பிணம்

பக்கிரிசாமிக்கு முதலில் கேடு செய்தவர் மிலிட்டரி அமிர்தலிங்கம். அதற்குப் பிறகு கேடு செய்தவர்கள் நிறையப் பேர், இரண்டு தேசத்து மந்திரிகள், ஜீப்பில் வந்து ஜீப்பிலேயே போன அதிகாரிகள் என்று எல்லோரையும் அவர் மனசுக்குள் வரிசையாக நிற்க வைத்திருந்தார், ஆனால் வரிசையின் தலையில் நின்றது அமிர்தலிங்கம்தான், அந்த இடத்தை வேறு யாராலும் பிடிக்க முடியவில்லை. வடுவக்குடிக் கடைத்தெருவில் பக்கிரிசாமியின் வன்மம் தெரியாதவர்கள் கிடையாது. புயலடித்த வருஷம் விரிசல் விட்ட கிளாஸில் டீ கொடுத்தார்கள் என்பதற்காக அந்தக் கடை வாசலைப் பிறகு மிதிக்காதவர் அவர். கல்யாணப் பந்தியில் தன் இலைக்கு மட்டும் அப்பளம் வராமல் போனதை, பந்தி விசாரித்த கிழவர் செத்த அன்று மாலையோடு போய் நின்று, பாடையைப் பார்த்து நினைவுபடுத்திவிட்டு வந்தவர்.

அமிர்தலிங்கம் அவருக்கு மச்சான் முறை. மனைவி அஞ்சம்மாளின் பெரியப்பா மகன். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து, மீசையோடும் பென்ஷனோடும் ஊருக்கு வந்தவர். பக்கிரிசாமியின் ஒரே மகன் கலைவாணனைக் காதுகுத்து விருந்துக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லித் திருச்சிக்குக் கூட்டிப்போய், ஆள் எடுக்கும் வரிசையில் நிற்க வைத்துவிட்டார். பையன் மொட்டை வெயிலில் ஓடினான், கம்பியில் தொங்கினான், மார்பை விரித்துக் காட்டினான், மாமா வாங்கிக்கொடுத்த பிரியாணியைத் தின்றுவிட்டுச் சிப்பாயாகத் திரும்பி வந்தான். அஞ்சம்மாள் தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த பக்கிரிசாமி, தோளில் இருந்த மூட்டையை இறக்காமலே மச்சானைப் பார்த்துச் சொன்னார்:

“எம்மவன் எதையும் தூக்கக் கூடாதுன்னுதான் நான் இம்புட்டு மூட்டை தூக்குனேன். நீ துப்பாக்கியத் தூக்கிக் கொடுத்துட்ட.”

அதுதான் அவர் அமிர்தலிங்கத்தோடு பேசிய கடைசிப் பேச்சு. ஒரே தெருக்கோடியில் எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, வருஷக்கணக்கில் இருவரும் பேசவில்லை.

அந்த வருஷம் பங்குனித் திருவிழா முடிந்து பந்தல் பிரித்த கையோடு, நம் தேசம் வடக்கே எல்லை மணலில் டாங்கிகளை ஓட்டிப் பார்த்தது. அதைப் பார்த்துப் பக்கத்துத் தேசம் தன் மணலில் தன் டாங்கிகளை ஓட்டிப் பார்த்தது. நம் கப்பல்கள் கடலில் குறி வைத்துச் சுட்டுப் பார்த்தன, அவர்கள் கப்பல்களும் சுட்டுப் பார்த்தன. நம் விமானங்கள் நெடுஞ்சாலையில் இறங்கிப் பழகின, அவர்கள் விமானங்களும் ஒரு நெடுஞ்சாலையைக் காலி செய்துகொண்டு இறங்கின. ஊர்களை ஒரு மூச்சில் ஆவியாக்கிவிடும் அணுகுண்டு இரண்டு பேரிடமும் இருந்தது, இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை என்று சொல்லிக்கொண்டே பேசினார்கள், இரண்டு பேருமே இது வெறும் ஒத்திகைதான் என்றார்கள். டீக்கடை டி.வி.யில் வரைபடமும் சிவப்பு அம்புகளும் காலையிலிருந்து ராத்திரி வரை ஓடின. “கொஞ்ச நாளைக்குப் பேச முடியாதுப்பா” என்று சொல்லிவிட்டுக் கலைவாணனின் போன் அடங்கிப்போனது.

பிறகு ஊர்களும் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. குண்டு விழுந்தால் எப்படி ஓடுவது, எங்கே படுப்பது, அடிபட்டவர்களை எப்படித் தூக்குவது என்பதையெல்லாம் ஒருநாள் காலையில் எல்லோரும் சேர்ந்து நடித்துக் காட்ட வேண்டும். பேரூராட்சி அலுவலகத்து மாடியில் சைரன் கட்டினார்கள். பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் அமிர்தலிங்கத்துக்கு ஒரு விசிலும் ஆரஞ்சு நிறச் சட்டையும் கொடுத்து, அடிபட்டவர்களுக்கும் செத்தவர்களுக்கும் ஆள் பிடிக்கச் சொன்னார்கள். அடிபட்டவர்களாக நடிக்க நான் நீ என்று வந்தார்கள், கட்டுப் போடுவார்கள், ஆம்புலன்சில் ஏற்றுவார்கள், பிஸ்கட்டும் ஜூஸும் உண்டு. செத்தவர்களாகப் படுக்க ஒருத்தரும் வரவில்லை.

வடுவக்குடியில் உயிரோடு இருப்பவர் பிணமாகப் படுப்பது புதிதில்லை. சாகக் கிடந்து பிழைத்தவர்கள் பங்குனியில் மாரியம்மனுக்குப் பாடைக் காவடி எடுப்பார்கள். பச்சை மூங்கிலில் பாடை கட்டி, அதில் பிணம் போலவே படுத்து, கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, நெற்றியில் காசு வைத்து, பறை முழங்க, சொந்தக்காரர்கள் நிஜமாகவே அழுதுகொண்டு வர, கோயிலைச் சுற்றிப் போவார்கள். பூசாரி தண்ணீர் தெளித்து, விபூதி போட்டு, விரல் கட்டை அவிழ்த்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்புவார். சிலர் வீட்டு ஆளுக்காக வேண்டிக்கொண்டு அவர்களுக்குப் பதிலாகப் படுப்பதும் உண்டு. அம்மனுக்காகப் படுக்கலாம். தாசில்தாருக்காகப் படுக்க யாருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் வைக்கோல் திணித்த சாக்குகளைப் பிணமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்துகொண்டிருந்தபோது, பக்கிரிசாமி தானாக வந்து, நான் படுக்கிறேன் என்றார்.

பிஸ்கட்டுக்கு வந்தார் என்று சிரித்தார்கள். ஒத்திகை வேலையில் அமிர்தலிங்கத்துக்குக் குழி பறிக்க வந்தார் என்றார்கள். அவர் மனசில் ஓடியது யாருக்கும் தெரியவில்லை. அடுத்த பங்குனிக்கு ஒரு வருஷம் இருக்கிறது, பிள்ளை இன்றைக்கு அங்கே மணலில் கிடக்கிறான், அதுவரை அம்மனைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. சர்க்கார் போடுகிற இந்தக் கூத்தையே பாடையாக வைத்துக்கொள் தாயே, அவன் படுக்க வேண்டிய இடத்தில் நான் படுத்துவிட்டேன், கணக்கைத் தீர்த்துக்கொள் என்று அவர் கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். அடிபட்டவர்களுக்குச் சிவப்பு அட்டை, செத்தவர்களுக்குக் கறுப்பு அட்டை. கடைத்தெரு முனையில், பேருந்து திரும்புகிற இடத்தில் அவர் மல்லாந்து படுத்தார். அமிர்தலிங்கம் கறுப்பு அட்டையை மணிக்கட்டில் கட்ட வந்தபோது, பக்கிரிசாமி வானத்தைப் பார்த்துக்கொண்டே, கட்டுகிறவர்கள் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று பொதுவாகச் சொன்னார். ஒத்திகையில் அப்படியெல்லாம் கிடையாது என்று அமிர்தலிங்கமும் பொதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு, ஜீப் வரும் சத்தம் கேட்டு அவசரத்தில் குனிந்து, விரல்களைச் சேர்த்துப் பட்டாளத்து முடிச்சாக ஒன்று போட்டுக் கட்டிவிட்டார்.

ஒத்திகை நன்றாக நடந்தது. சைரன் ஊதியது, ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டு குப்புற விழுந்தார்கள், ஆம்புலன்ஸ் வந்தது, மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி தலையை ஆட்டினார். மறுபடி நீளமாகச் சைரன் ஊதி எல்லாம் முடிந்தது என்றதும், அடிபட்டவர்கள் எழுந்து ஜூஸ் குடித்துப் படம் பிடித்துக்கொண்டார்கள். அதிகாரி அமிர்தலிங்கத்தின் தோளைத் தட்டி, அடுத்த ஊருக்கும் நீங்கள் வாருங்கள் என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கடைத்தெரு முனையில் பக்கிரிசாமி படுத்திருந்தார். அவரை யாரும் எழுப்பவில்லை.

வெயில் ஏறியதும் அஞ்சம்மாள் வந்தாள்.

“எல்லாரும் போயாச்சு. எந்திரிச்சு வாங்க, சோறு ஆறிப்போவுது.”

“எழுப்பாம பொணம் எந்திரிக்கிறது எங்கயாவது உண்டாடி?”

கட்டினவன் வந்து அவிழ்க்கட்டும் என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டு கையைப் பிடித்து இழுத்தாள். கை வந்தது, ஆள் வரவில்லை. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், நகம் உடைந்ததே தவிர முடிச்சு நெகிழவில்லை. கூட மூட்டை தூக்கும் தோழர்கள் வந்து ஆளுக்கொரு பக்கம் கொடுத்துத் தூக்கினார்கள், லாரி லாரியாக நெல் ஏற்றிய தோள்கள், அவர்களால் அவருடைய முதுகுக்கும் தாருக்கும் நடுவில் ஒரு விரல் நுழைக்க முடியவில்லை. வாய்க்கால் தூர் வாருகிற ஜே.சி.பி.யைக் கொண்டுவந்தார்கள், அதன் கை அவரைக் கொக்கியில் மாட்டி இழுத்தபோது அதனுடைய பின்சக்கரங்கள்தான் மேலே எழும்பின. ஓட்டுநர் இறங்கி வந்து பீடி பற்ற வைத்துக்கொண்டு, பெரியவரை ரோட்டோடு சேர்த்துப் பெயர்த்தால்தான் உண்டு என்றார். ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது என்பதால் பேரூராட்சி கையைக் கழுவிக்கொண்டது.

எனவே ஊர் அவரைச் சுற்றிக்கொண்டு போகப் பழகியது. பேருந்துகள் கொஞ்சம் அகலமாக ஒடித்துத் திரும்பின, நடத்துநர்கள் ‘பொணத்தடி எறங்கு’ என்று கூவ ஆரம்பித்தார்கள். அவருக்குப் பசிக்கவில்லை, தாடி வளரவில்லை, ஆனால் வெயில் சுட்டது, மழை நனைத்தது, அதனால் டெம்போ சங்கத்துக்காரர்கள் நான்கு கழி நட்டுத் தார்ப்பாய் கட்டினார்கள். தார்ப்பாய் நிழலுக்காகப் பூக்காரி ரோசம்மாள் தன் கூடையை அவர் தலைமாட்டுக்கு மாற்றிக்கொண்டாள், அவள் போனபின் மிஞ்சிய பூக்களை ஆடுகள் வந்து அவர் காதோரம் நின்று தின்றன. உயிரோடு இருப்பவர்களிடம் சொல்ல முடியாததையும் செத்தவர்களிடம் சொல்லாமல் விட்டதையும் ஜனங்கள் அவரிடம் வந்து சொன்னார்கள். மாமியாரைப் பார்த்தால் வளையல் என்னிடம்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள் மாமா என்று ஒருத்தி சொன்னாள். உன் மாமியாரை நான் பார்க்கிற இடத்துக்கு இன்னும் போகவில்லை, போனாலும் அவளோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது என்றார் பக்கிரிசாமி.

சங்கடம் கோயிலில்தான் வந்தது. தெருவில் பிணம் கிடந்தால் கோயில் நடை திறக்கக் கூடாது. இவர் பிணமா இல்லையா என்று பூசாரி கேட்டார். சைரன் ஊதியதும் உயிர் வந்தாயிற்று என்றார்கள் சிலர், அவரே தன்னைப் பிணம் என்கிறபோது நாம் யார் மறுக்க என்றார்கள் சிலர். வெகுநேரம் பேசிக் கடைசியில், உச்சிக்கால பூஜை முடியும் வரை பக்கிரிசாமி உயிரோடு இருப்பவர், அதற்குப் பிறகு பிணம் என்று வைத்துக்கொண்டார்கள். அது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது, அஞ்சம்மாளுக்கு மட்டும் இல்லை. மத்தியானத்துக்கு மேல் அவளை என்னவென்று வைத்துக்கொள்வது என்று தெருவுக்குத் தெரியவில்லை. வளைகாப்புக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள், பிறகு கல்யாணத்துக்கும் நிறுத்தினார்கள். அவள் முன்னைவிடப் பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு வந்து அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பாள்.

பூசாரியே தண்ணீரும் விபூதியுமாக வந்து எழுப்பிப் பார்த்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டபோது பக்கிரிசாமியின் இடது இமை துடித்தது, அவ்வளவுதான். பிள்ளைக்காக வேண்டிக்கொண்டு படுத்ததை அப்போதுதான் அவர் பூசாரியிடம் சொன்னார். பாடை ஊருக்குத் தெரியாமல் எடுத்த பாடையாக இருந்தாலும் அம்மன் ஏற்றுக்கொண்டுவிட்டாள், இனி கட்டின கைதான் அவிழ்க்க வேண்டும் என்று பூசாரி சொல்லிவிட்டார். ஊர் ஊராக ஒத்திகை நடத்திவிட்டு மாலையும் சால்வையுமாகத் திரும்பிய அமிர்தலிங்கத்திடம் ஊர் போய் நின்றது. அவர் மீசையைத் தடவிக்கொண்டார். சைரன் ஊதி முடித்த ஒத்திகையில் போய் ஒருத்தனை எழுப்பினால் பட்டாளத்துக்காரனுக்கு என்ன மரியாதை என்றார். அதோடு, இத்தனை வருஷம் முகத்தைப் பார்க்காதவன் அவன், அவன் வாயால் கூப்பிடட்டும், அடுத்த நிமிஷம் வருகிறேன் என்றார். இதைக் கொண்டுவந்து சொன்னவர்களிடம் பக்கிரிசாமி கேட்டார்:

“பொணம் கூப்புடுமாடா? கட்டுனவனுக்குத் தெரியணும், அவுக்கணும்னு.”

இவர் கூப்பிடட்டும் என்று அவரும், அவர் வரட்டும் என்று இவரும் இருந்தார்கள். தெருவின் இந்தக் கோடியும் அந்தக் கோடியும் தெரிகிற தூரம்தான்.

வடக்கே ஒத்திகை எந்த நிமிஷத்தில் நிஜமானது என்று யாருக்கும் தெரியாது. டி.வி.யில் சிவப்பு அம்புகள் நகர ஆரம்பித்தன. கலைவாணனிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. அந்த நாட்களில் கடைத்தெருவே தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து போனில் செய்தி பார்த்தது. பக்கத்து ஊர்களிலிருந்து பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய அம்மாக்கள் வர ஆரம்பித்தார்கள். உங்கள் பிள்ளைக்காகப் படுத்திருக்கிறீர்களாமே, அப்படியே என் பிள்ளைக்கும் சேர்த்துப் படுத்துக்கொள்ளுங்கள் அண்ணே என்று கெஞ்சினார்கள். முதலில் அவர் முறைத்தார். யார் பிள்ளைக்கோ நான் ஏன் படுக்க வேண்டும், எனக்கு யார் என்ன செய்தார்கள் என்றார். அப்புறம், சரி, பேரைக் காதில் சொல்லிவிட்டுப் போ என்றார். அவர்கள் மண்டியிட்டுக் குனிந்து பேரைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு பேருக்கும் அவர் கொஞ்சம் கனத்தார். தார் ரோடு அவருக்கு அடியில் மெத்தை போல் அமுங்கி, அவர் உடம்பின் வடிவத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. மூட்டையில் மூட்டை அடுக்குவது அவருக்குப் புதிதா என்ன, அவர் முனகக்கூட இல்லை.

இடக்குடியிலிருந்து சிவபாக்கியம் என்று ஒருத்தி வந்தாள். பேருந்தில் வரும் வழியிலேயே அவளுக்குச் செய்தி வந்துவிட்டது, கொடி போர்த்திய பெட்டி அடுத்த நாள் வரும் என்று. அவள் திரும்பிப் போகாமல் இறங்கி நேரே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. ரோசம்மாள் கொடுத்த தண்ணீரை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்:

“எனக்குச் சொல்லப் பேரு இல்லண்ணே. வந்ததுக்கு, அந்தப் பக்கத்துப் பிள்ளைங்களப் போட்டுக்குங்க.”

“அதுக பேரு நமக்குத் தெரியாதேம்மா.”

“பேரு தெரியாமத்தான் சுடுறானுவ. பேரு தெரியாமலே போட்டுக்குங்க.”

டீக்கடைக்காரர் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார். அவள் குனிந்து, பேர் எதுவும் சொல்லாமல், அவர் காதில் மூச்சை மட்டும் விட்டுவிட்டு எழுந்தாள். அன்றைக்குத்தான் பக்கிரிசாமி முழங்கை ஆழத்துக்கு இறங்கிப் போனார். வன்மத்தைத் தவிர வேறெதையும் இத்தனை வருஷம் உள்ளே வைத்துப் பழகாத அவருடைய கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து இரண்டு காதுகளிலும் போய்த் தேங்கியது. அஞ்சம்மாள் முந்தானையால் அதை ஒற்றி எடுத்தாள்.

பிறகு ஒருநாள் இரண்டு தேசங்களும் ஜெயித்துவிட்டன. இரண்டு பக்கமும் வெடி போட்டார்கள், இரண்டு பக்கமும் ஒத்திகை இனிதே முடிந்தது என்றார்கள். கலைவாணன் லீவில் வந்தான், பாதி ஆளாக. பேருந்தை விட்டு இறங்கியதுமே அப்பாவைப் பார்த்தான், மூட்டையைப் போட்டுவிட்டுப் பள்ளத்துக்குள் இறங்கி அவரைக் கட்டிக்கொண்டான். வந்துவிட்டேன், எழுந்திருங்கள் என்று தூக்கினான், தூக்கினான், கழுத்து நரம்பு தெறிக்கத் தூக்கினான். பக்கிரிசாமி அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார், அவன் உயிரோடு இருப்பது அவருக்குப் போதவே இல்லை, இன்னும் தடவினார். அப்புறம் விரலால் கோடிவீட்டுப் பக்கம் காட்டினார்.

கலைவாணன் மாமா வீட்டுக்குப் போனதையும் அங்கே நடந்ததையும் பின்னால் அஞ்சம்மாள்தான் அவருக்குச் சொன்னாள். பையன் கூடத்தில் நின்று கேட்டானாம், அமிர்தலிங்கம் பழைய பாட்டையே பாடினாராம். பாடிக்கொண்டே பையனுடைய இடது பக்கமாக வந்து, சாப்பிட்டியாப்பா என்று கேட்டாராம். பையன் திரும்பவில்லை. இன்னொரு தரம் கேட்டாராம். அந்தக் காதில் சத்தம் நுழையாது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்ததாம். காதுகுத்துக்கு என்று சொல்லிக் கூட்டிப்போன மனுஷன் அந்தக் காதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாராம்.

ஊரே திரண்டுவிட்டது. பேருந்துகள் நின்றன. பூசாரி விபூதித் தட்டோடு வந்தார், அஞ்சம்மாள் சொம்பில் தண்ணீரோடு வந்தாள். அமிர்தலிங்கம் பள்ளத்துக்குள் இறங்கிக் கால்மாட்டில் மண்டியிட்டார்.

“மாப்ள, நாந்தான் வந்துருக்கேன். அவுத்துடுறேன்.”

பக்கிரிசாமி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நேரத்துக்காக அவர் என்னென்னவோ வசவுகளைச் சேர்த்து வைத்திருந்தார், ஒன்றும் வாய்க்கு வரவில்லை, சீக்கிரம் அவிழ்த்தால் போதும் என்று இருந்தது, வீட்டுக்குப் போய்த் திரும்பிப் படுக்க வேண்டும் என்று இருந்தது, இத்தனை காலமும் அவரால் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. அமிர்தலிங்கத்தின் விரல் பட்டதும் முடிச்சு நெகிழ்ந்தது. அப்போது கலைவாணனின் போன் அடித்தது. அவன் வலது காதில் வைத்துக் கேட்டான். விறைப்பாக நின்று கேட்டான். வைத்துவிட்டு மாமாவிடம், சீக்கிரம் அவிழ்த்து விடுங்கள், நான் இன்றைக்கே கிளம்ப வேண்டும் என்றான். அவர்கள் மறுபடி ஒத்திகை ஆரம்பித்திருக்கிறார்களாம், அதனால் நம்மவர்களும் ஆரம்பிக்கிறார்களாம், லீவு எல்லோருக்கும் ரத்தாம்.

“கைய எடு மச்சான்” என்றார் பக்கிரிசாமி.

வருஷக்கணக்குக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த அந்த மச்சானைக் கேட்டு அமிர்தலிங்கத்துக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பிறகுதான் மற்றது புரிந்தது.

“இல்ல மாப்ள, இந்தா, ஆச்சு.”

“எடுன்னேன். இறுக்கிக் கட்டு.”

“என்னய ஆயுசுக்கும் கடன்காரனாவே வச்சிருக்கப் பாக்குறியா?”

“ஆமா” என்றார் பக்கிரிசாமி. கோயில் கோபுரத்தின் பக்கம் கண்ணைத் திருப்பினார். “நீ எனக்குக் கடன்காரனா இருக்குற வரைக்குந்தான் அவ எனக்குக் கடன்காரி.”

கலைவாணன் கெஞ்சினான், அதட்டினான், சின்னப் பிள்ளை போல் காலை உதைத்துக்கொண்டான். அமிர்தலிங்கம் அழுதுகொண்டே முடிச்சை மறுபடி இறுக்கினார், பட்டாளத்தில் பழகிய கை, அழுதாலும் பிசகாமல் கட்டியது. கொண்டுவந்த தண்ணீரை என்ன செய்வதென்று தெரியாமல் அஞ்சம்மாள் தானே குடித்தாள். பேருந்து கிளம்பியபோது அது அவரைச் சுற்றி அகலமாக ஒடித்துத் திரும்பியது, ஜன்னலில் பையனின் கை வெகுதூரம் வரை வெளியே இருந்தது.

அதற்குப் பிறகு அமிர்தலிங்கம் ஒவ்வொரு நாள் காலையிலும் டி.வி. செய்தி பார்த்துவிட்டு, பக்கிரிசாமி உயிரோடு இருக்கிற நேரம் பார்த்து வருகிறார். பள்ளத்தின் ஓரத்தில் குந்தி உட்காருகிறார். அவிழ்க்கட்டுமா மாப்ள என்று கேட்கிறார். அங்கே முடிந்துவிட்டதா என்று பக்கிரிசாமி கேட்கிறார்.

“இன்னும் இல்ல.”

“அப்பப் போயிட்டு நாளைக்கு வா.”

வேட்டியைத் தட்டிக்கொண்டு அமிர்தலிங்கம் எழுந்து போகிறார், திருப்பிக் கொடுக்க வந்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டு.